புதுநாளமா, களைநாளமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கண்ணுக்குள் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைப்பதை மருத்துவத்தில் நியோவாஸ்குலரைசேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'புதுநாளமாக்கம்' என்றே முடித்துவிடலாம் என்ற இடத்துக்கு நம் கலைச்சொல் குழுவின் இந்த இழை வந்திருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. காரணம் இலக்கணம் இல்லை, என் பெரியம்மை. (எங்கள் குமரி மாவட்டத்தில் அது அம்மாவின் அக்கா, நோய் அல்ல. கலைச்சொல் குழுவில் இதையும் சொல்லிவிட வேண்டும்.)

தக்கலையில் இருக்கிறார், வயது 76. போன ஆவணியில் ஒருநாள், "இந்தக் கதவு நிலை கோணியிருக்கு மக்ளே, ஆசாரிய வரச்சொல்லு" என்றார். ஆசாரி வந்து தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தார். நிலை நேராகத்தான் நின்றது. கோணியது பெரியம்மையின் வலக்கண் பார்வை. நாகர்கோவிலில் பார்த்த டாக்டர், "கண்ணுக்குள்ள புதுசா ரத்தக்குழாய் வளர்ந்திருக்கு" என்றதும், "புதுசு வந்தா நல்லதுதானே?" என்று கேட்டார். புதுவீடு, புதுநெல், புதுப்பானை என்று பழகியவருக்கு வேறெப்படித் தோன்றும்?

உள்ளே நடப்பதோ வேறு. இது முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோய். வயது ஏற ஏற விழித்திரைக்கு அடியில் மஞ்சள் படிவுகள் சேர்கின்றன. சிலருக்கு அதற்கும் கீழுள்ள கோராய்டு என்ற ரத்தக்குழாய் அடுக்கிலிருந்து குழல்கள் கிளம்பி, இடையிலுள்ள புரூக் என்ற மெல்லிய படலத்தின் விரிசல் வழியாக மேலே ஏறுகின்றன. சுவர் உறுதியில்லாத குழல்கள். நீரும் ரத்தமும் கசிந்து விழித்திரை மேடிடுகிறது. நேர்கோடு வளைந்து தெரிவது அதனால்தான். இந்தக் குழல்களை வளரத் தூண்டும் முக்கியப் புரதம் வி.இ.ஜி.எஃப். அதை அடக்கத்தான் கண்ணுக்குள் ஊசி. ஊசிக்குக் குழல் வாடும், ஆனால் பலருக்கு மறுபடி தலைதூக்கும், மறுபடி ஊசி.

எங்களுக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். முற்றத்துச் சிமெண்டுத் தளத்தின் விரிசலில் புல்லும் இரண்டு தடவை எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தோன்றியது: களைநாளம்.

முதலில் 'முளைநாளம்' என்று வைத்திருந்தேன். ஒரு சுழி பிசகினால் 'மூளைநாளம்' ஆகிவிடும். அறிக்கையைப் படிக்கிறவர் பக்கவாதம் என்று பயந்துவிடுவார். விட்டுவிட்டேன். 'துளிர்நாளம்' அழகு, ஆனால் நோய்க்கு அத்தனை அழகு வேண்டாம். 'நாளமில்லாச் சுரப்பி'யில் நாளம் வேறு பொருளில் வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தான். ஆனால் இரத்தநாளம் பள்ளிப் புத்தகத்திலேயே ஊன்றிவிட்டது, அதை இனி அசைக்க முடியாது.

இன்னொரு வசதியும் உண்டு. சர்க்கரை நோயில் புதுக்குழல்கள் விழித்திரையின் சொந்தக் குழல்களிலிருந்தே கிளம்பி மேற்பரப்பில் படரும், அது மேற்களைநாளம். முதுமையில் பெரும்பாலும் அடியிலிருந்து வருவது அடிக்களைநாளம். முதுமையிலேயே மூன்றாம் வகை என்று ஒன்று விழித்திரைக்குள் தொடங்கும், அதற்கு இடைக்களைநாளம். 'புது' வைத்து இப்படிப் பிரித்துப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்.

அப்புறம், இந்த முதுமை நோயில் குழல் கசியும் வகையை 'ஈரவகை' என்பதையும், கசியாததை 'உலர்வகை' என்பதையும் மாற்றுங்கள். 'ஈரவகை' என்று கேட்டவர்கள் கண்ணில் நீர் வடிகிறதா என்று பார்க்கிறார்கள். 'உலர்வகை' என்றால் கண் வறட்சி என்று சொட்டுமருந்து வாங்குகிறார்கள். முதலாவது 'கசிவுவகை' ஆகலாம். மற்றதற்கு எனக்குச் சொல் அகப்படவில்லை.

நேற்று பெரியம்மையிடம் சொல்லிப் பார்த்தேன். "களைன்னா வேரோட பறிச்சுற வேண்டியதுதானே, எதுக்கு மாசாமாசம் ஊசி?" என்றார். என் சொல்லில் அந்த ஓட்டை இருக்கிறது. அடைக்கத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.