கம்ப்யூட்டர் நேரம் பிசகி மாட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள்

ஹட்டன் கடைக்காரன்:
மழையில் கரண்ட் போய் வந்ததும் கடை கம்ப்யூட்டர் 2009 ஜனவரி 1 என்று எழும்பியது. ஒரு பிள்ளையின் விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். எந்தத் தளமும் திறக்கவில்லை, பாதுகாப்பு எச்சரிக்கைதான் வந்தது. தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு நேரே வந்திருந்த அம்மா, "நாளைக்குப் போட ஏலாதா தம்பி?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. திகதியை மாற்றியதும் எல்லாம் திறந்தது. 2009இல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு இணையத்தளங்களின் இன்றைய பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதுதானே. எல்லாரும் கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் யூபிஎஸ் வாங்கி வையுங்கள்.

தலவாக்கலை தங்கச்சி:
என் லெப்டொப்பில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கின்றன. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் நேரம் ஐந்தரை மணி பின்னால் போய்விடும். காலை 10 மணிக்கு ஒரு நேர்முகம். திரையில் 4.30 என்று இருக்கிறது, வெளியே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போனவர்கள் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் பதறினேன். லினக்ஸ் கம்ப்யூட்டரின் உள்கடிகாரத்தில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே இலங்கை நேரம் என்று படிக்கிறது. இதற்கு யூபிஎஸ் என்ன செய்யும் அண்ணே?

பண்டாரவளை:
தங்கச்சி சொல்வது சரி. யூபிஎஸ் ஹட்டன் தம்பிக்கும் மருந்தில்லை. பிளக் செருகியிருக்கும் வரை கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடும், கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் உள்ளே இருக்கிற சின்ன பெட்டரி செத்தது தெரியாது. கரண்ட் போகும்போதுதான் அகப்படும்.

என் கதை 2006 ஏப்ரல். நாட்டின் நேரம் யூடிசி +6இலிருந்து +5.30க்குத் திரும்பியது. தோட்டத்து ஒபீஸ் கம்ப்யூட்டரில் நேரத்தை மட்டும் கையால் அரை மணி பின்னுக்கு வைத்தார்கள், நேர வலயம் பழையபடியே. 10 மணிக்கு அனுப்பிய ஈமெயில் கொழும்பில் 9.30 என்று காட்டியது. பெரிய கிளாக்கர் இரண்டு இடத்திலும் அச்சடித்த தாள்களை மேசையில் வைத்து, "எது பொய்?" என்று கேட்டார்.

ஆகவே முதலில் வலயத்தைக் கொழும்பு என்று வையுங்கள், அப்புறம் இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் வசதியைப் போடுங்கள். தங்கச்சி, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' மதிப்பை 1 ஆக்குங்கள், இரண்டும் ஒத்துப்போகும். தம்பி, சிஆர்2032 என்று கேட்டால் 3 வோல்ட் காசு பெட்டரி தருவார்கள். பழையதைக் கழற்றுமுன் பயோஸ் (கம்ப்யூட்டர் எழும்பும்போது திறக்கும் அடிப்படை அமைப்பு) பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அமைப்புகள் அழிந்துபோகலாம். பிளக்கைக் கழற்றி, கூட்டல் குறி மேலே இருக்கப் போடுங்கள். பயோஸில் திகதி சரிபார்க்காமல் மூடியைப் பூட்ட வேண்டாம்.