குளிர்கால வெட்சூட்: 150 பவுண்டுக்குள் எது தேறும்?

வணக்கம் மக்களே, நான் பிரிஸ்டலில் இருக்கிறேன், போன கோடையில்தான் கார்ன்வால் பக்கம் நியூக்கீ போய் சர்ஃபிங் கற்க ஆரம்பித்தேன், பலகை மேல் எழுந்து நிற்பதற்குள் நாலு மடக்கு உப்புத்தண்ணீர் உள்ளே போய்விடும், இன்னும் அந்த நிலைதான். கோடைக்கு வாங்கிய 3/2 மில்லிமீட்டர் வெட்சூட்டோடு (குளிர் தாங்கக் கடலில் போடும் ரப்பர் உடை, உடம்புப் பகுதி 3, கை கால் 2 மில்லிமீட்டர் தடிமன்) டிசம்பரில் இறங்கினேன். இருபது நிமிடத்தில் விரல் மரத்து, வெளியே வந்து ஜிப் கயிற்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் அங்கே கடல் 9, 10 டிகிரிதான். 5/4 வேண்டும், சரி. ஆனால் தடிமன் மட்டும் போதாதே, சாதாரண ஃப்ளாட்லாக் தையல் என்றால் ஊசித் துளை வழியே தண்ணீர் புகும், பசை ஒட்டி பிளைண்ட் ஸ்டிச் (ஊசி மறுபக்கம் வரை துளைக்காத தையல்) போட்டதுதான் குளிருக்கு ஆகும். 150 பவுண்டுக்குள் அப்படி ஒன்று கிடைக்குமா? டெகாத்லான் (விளையாட்டுப் பொருள் கடை) சூட்டைக் குளிர்காலம் முழுக்கப் போட்டுப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? பழையது வாங்கினால் முழங்கால், கழுத்துப் பக்கம் கிழிசல் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்? அப்புறம், ஜிப் முதுகிலா மார்பிலா? எனக்குக் கொஞ்சம் தொப்பை வேறு, மார்பு ஜிப்புக்குள் நுழைவதே பெரும்பாடு. பூட்ஸுக்கும் கையுறைக்கும் தனியாக 50 பவுண்டு ஒதுக்கியிருக்கிறேன்.