வார்டு போன்: ஆஸ்பத்திரி வாங்கித் தரணுமா, அவங்கவங்க போனே போதுமா?

கொருக்குப்பேட்டை_ஐடி:
தண்டையார்பேட்டை பக்கம் 80 படுக்கை, நாலு மாடி ஆஸ்பத்திரி. இப்போ எல்லாம் சொந்த போன், வாட்ஸ்அப் குரூப்னு ஓடுது. நிர்வாகம் 24 ஆண்ட்ராய்டு போன் வாங்கி, வைஃபையில பேச வைக்கலாமான்னு கேக்குது. கணக்கு: வார்டுக்கெல்லாம் சேர்த்து 12, ஐ.சி.யு 3, டூட்டி டாக்டர் 3, எமர்ஜென்சி 2, ஓ.டி (ஆபரேஷன் தியேட்டர்), லேப், பார்மசி, ஸ்ட்ரெச்சர் ஆளுங்க தலா 1. இல்லேன்னா சி.யு.ஜி சிம் (ஆஸ்பத்திரி ஆளுங்க தங்களுக்குள்ள பேசிக்கிற குரூப் சிம்) மட்டும் கொடுத்துட்டு சொந்த போனையே விட்டுடலாமா?

இன்சார்ஜ்_அக்கா:
வாங்காதீங்க தம்பி. ஊர்ப்பொது சாமான்னா யாரும் சார்ஜ் போட மாட்டாங்க. காலையில 8 மணிக்கு நைட் டூட்டி முடிச்சு கிளம்புற பொண்ணு, வார்டு போனை பாக்கெட்லயே வச்சுக்கிட்டு பஸ் ஏறிடும். மீதி ரெண்டு போன் சார்ஜர்ல செத்துக் கிடக்கும். சொந்த போனை எவளும் மறந்து விட்டுட்டுப் போறதில்ல, சார்ஜ் இல்லாம வர்றதும் இல்ல. அதுவுமில்லாம 24 போன்ல ஸ்பேர் எங்க? ஒண்ணு கீழ விழுந்தா ஒரு வார்டே ஊமை.

பயோமெட்_ராயபுரம்:
ஸ்பேர் விஷயத்துல அக்கா சொல்றது சரி. குறைஞ்சது 3 கூடுதல் வாங்கி, சிம் இல்லாம, செட்டப் முடிச்சு, சார்ஜர்லயே வைக்கணும்.

மத்ததுல ஒத்துக்க மாட்டேன். சொந்த போன்ல புண்ணோட போட்டோ எடுத்து குரூப்ல போட்டா, அது எடுத்தவங்க கேலரில இருக்கும், பார்த்த எல்லாரோட கேலரிலயும் தானா இறங்கும், அங்கேர்ந்து கூகுள் போட்டோஸ் பேக்கப்புக்கும் போகலாம். வேலையை விட்டுப் போனவங்க போன்ல போய் அழிக்க முடியுமா? 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, பாதுகாப்பு ஏற்பாடு சரியா இல்லேன்னா அபராதம் 250 கோடி வரைக்கும் போகும். கட்டப்போறது ஆஸ்பத்திரி, சிஸ்டர் இல்ல.

நம்பரை ஆளுக்குக் கொடுக்காதீங்க, இடத்துக்குக் கொடுங்க. 3301னா மூணாவது மாடி கிழக்கு வார்டு. இன்னைக்கு யாரு டூட்டின்னு லேப்காரர் தேட வேண்டியதில்ல. ஹேண்ட் ஓவர் நோட்டுல போதை மருந்து அலமாரிச் சாவிக்குக் கீழ ஒரு வரி: போன் நம்பர், சார்ஜ் எத்தனை சதவீதம், வாங்கினவங்க கையெழுத்து. சாவி வீட்டுக்குப் போறதில்லையே, போன் மட்டும் ஏன் போவுது?

வண்ணாரப்பேட்டை_வயர்மேன்:
ரெண்டு பேரும் போனைப் பத்தியே பேசறீங்க. காசு முழுங்கறது வைஃபை. ஆபீஸ்ல மெயில் பாக்குற சிக்னல்ல குரல் தாங்காது. ஒவ்வொரு படுக்கைக்கிட்டயும் 5 கிகாஹெர்ட்ஸ்ல சிக்னல் பலம் மைனஸ் 67 டிபிஎம்முக்குக் (சிக்னலை அளக்கிற அளவு) குறையக்கூடாது. காரிடார்ல வரிசையா வைஃபை பெட்டியை மாட்டிட்டு அறைக்குள்ள அளக்காம விடுறதுதான் எல்லா எடத்துலயும் நடக்குது. பழைய கட்டட செங்கல் சுவர், எக்ஸ்ரே ரூம் ஈயத்தகடு, லிப்ட் இரும்பு, இது மூணும் சிக்னலைத் தின்னும்.

அடுத்து மாடிப்படி. விலை குறைஞ்ச போன் பழைய பெட்டியையே புடிச்சுக்கிட்டு தொங்கும், பேச்சு அறுந்து போகும். 802.11ஆர் (ஒரு பெட்டியிலேர்ந்து அடுத்ததுக்குச் சட்டுனு மாறுற வசதி) இருக்கிற மாடலா பாத்து வாங்குங்க. அப்புறம் ஆண்ட்ராய்டு பேட்டரி சேமிப்புல பேசற ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்துடணும். கொடுக்கலேன்னா ஸ்கிரீன் அணைஞ்சு கொஞ்ச நேரத்துல ஆப் தூங்கிடும், அவசரச் செய்தி பத்து நிமிஷம் கழிச்சு டிங்குனு வரும். "போன் வேலை செய்யலை"ன்னு வர்ற புகார்ல நிறைய இதுதான்.

காசிமேடு_4:
எதுக்குப்பா இவ்ளோ. வாக்கி டாக்கி வாங்கிப் போடுங்க, முடிஞ்சுது.

பயோமெட்_ராயபுரம்:
@காசிமேடு_4 லைசென்ஸ் இல்லாம வச்சுக்கிறதுன்னா 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ், அரை வாட்தான். ஆன்லைன்ல கிடைக்கிற 5 வாட் செட்டுக்கு லைசென்ஸ் வேணும். அதை வென்டிலேட்டர் பக்கத்துல அமுக்கினா என்ன ஆகும்னு யாரும் உறுதி கொடுக்க முடியாது, ஐ.இ.சி 60601-1-2ல (மருத்துவ மெஷின் ரேடியோ அலையைத் தாங்குதான்னு பாக்குற தரநிலை) அந்த அலைவரிசைக்கு மெஷினை சோதிக்கிறதே 2 வாட், 30 சென்டிமீட்டர்னு வச்சுத்தான். எந்த ரேடியோவா இருந்தாலும் மெஷின்லேர்ந்து ஒரு மீட்டர் தள்ளி நின்னு பேசறது நல்லது. செக்யூரிட்டிக்கும் ஆம்புலன்ஸ் வாசலுக்கும் வாக்கி டாக்கி சரி. வார்டுல நோயாளி பேரு லவுட் ஸ்பீக்கர்ல கேக்கக்கூடாது.

இன்சார்ஜ்_அக்கா:
பொட்டாசியம் 6.8னு (உயிருக்கே ஆபத்தான அளவு) லேப் குரூப்ல போட்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. நீல டிக் வந்தா படிச்சாங்கன்னுதான் அர்த்தம், புரிஞ்சு டாக்டரைக் கூப்பிட்டாங்கன்னு இல்ல. கூப்பிட்டுச் சொல்லணும், கேட்டவங்க திருப்பிப் படிச்சுக் காட்டணும், நேரம் எழுதணும். எந்த போன் வாங்கினாலும் இதை மாத்தாதீங்க.

ஒரே போனை மூணு ஷிப்ட்ல மூணு பேர் காதுல வைக்கிறதுக்கு என்ன பதில்?

பயோமெட்_ராயபுரம்:
70 சதவீத ஐசோப்ரொபைல் துணி. ஸ்ப்ரே கூடாது, ஸ்பீக்கர் ஓட்டை வழியா உள்ள போயிடும். துடைச்சுட்டு தானா காயட்டும். சிலிக்கான் கவரைக் கழட்டித் துடைக்கணும், அழுக்கு அதுக்குள்ளதான் சேரும். க்ளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் (வயித்துப்போக்கு கொடுக்கிற கிருமி) நோயாளி ரூமுக்கு போனை எடுத்துட்டுப் போகவே வேணாம், அந்தக் கிருமியோட ஸ்போர் ஆல்கஹாலுக்குச் சாகாது. எம்.ஆர்.ஐ வாசல்லயும், போனை வச்சுட்டு உள்ள போக, ஒரு லாக்கர் வைங்க.

நம்ம பக்கம் கடல் காத்து வேற. சார்ஜர் தட்டுல பித்தளை முனை பச்சைக் களிம்பு கட்டி, விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. மாசம் ஒருதடவை அதே துணியால துடைச்சா போதும்.

வண்ணாரப்பேட்டை_வயர்மேன்:
2016 வர்தாவும் 2023 மிக்ஜாமும் வந்தப்போ செல் டவரே படுத்துக்கிச்சு, அதனால சி.யு.ஜி சிம்மை மட்டும் நம்பாதீங்க. அதே சமயம், நம்ம பக்கம் தரைத்தளத்துல நெட்வொர்க் ரேக் வச்சிருந்தா வைஃபையும் தண்ணில போயிடும். ரேக்கை முதல் மாடிக்கு ஏத்துங்க, நெட்வொர்க் ஸ்விட்சுக்கு யு.பி.எஸ் தனியா. பழைய இன்டர்காம் வயரைப் பிடுங்கவே பிடுங்காதீங்க. கோட் ப்ளூ (நோயாளிக்கு இதயம் நின்னா எல்லாரையும் கூப்பிடுறது) அறிவிப்பு ஸ்பீக்கர்லயும் போகணும், போன்லயும் போகணும்.

கொருக்குப்பேட்டை_ஐடி:
அப்போ ஐ.சி.யு, எமர்ஜென்சி ரெண்டுக்கும் மட்டும் 5 போன், 1 ஸ்பேர், ஒரு மாசம். வார்டு இப்போதைக்கு சொந்த போன்தான், ஆனா போட்டோ எடுக்கத் தடை. சரியா அக்கா?

இன்சார்ஜ்_அக்கா:
தடைன்னு சுவத்துல ஒட்டினா போதாது. டாக்டர் போட்டோ கேப்பாரு, சிஸ்டர் எங்கேர்ந்து அனுப்பும்? வார்டு எல்லாத்துக்கும் பொதுவா ஒரு போனாவது அதுக்குன்னு கொடுங்க. சார்ஜர் தட்டை ஸ்டோர் ரூம்ல வைக்காம, ரிப்போர்ட் எழுதுற மேசை மேலயே வைங்க.

பயோமெட்_ராயபுரம்:
பாத்தீங்களா, வாங்காதீங்கன்னவங்களே இப்போ வார்டுக்கும் ஒண்ணு கேக்கறாங்க.

இன்சார்ஜ்_அக்கா:
ஒண்ணுதான் கேட்டேன் சார். பன்னெண்டு கேக்கலை.