தூண்டில் எறிதல் போட்டி: எறியும் முறைக்காகப் புள்ளியைப் பறிக்கலாமா?

கடலோரன்:

பன்னாட்டுத் தூண்டில் எறிதல் சம்மேளனத்தின் போட்டி வரிசையில் மூன்றாவதாக உள்ள ஆரென்பெர்க் இலக்குப் போட்டியின் ஒரு விதியை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை, கொக்கியும் இல்லை. புல்தரையில் விரித்த துணியின் நடுவே 75 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வட்டமும், அதைச் சுற்றி 1.35, 1.95, 2.55, 3.15 மீட்டர் விட்டங்களில் வளையங்களும் இருக்கும். தூண்டில் நரம்பின் நுனியில் கட்டிய 7.5 கிராம் ப்ளக் (இரைக்குப் பதிலாகக் கட்டும் சிறு எடை) முதலில் எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து 10, 8, 6, 4, 2 எனப் புள்ளிகள் தரப்படும். ஐந்து நிலைகளில் இரண்டிரண்டு முறை எறிய வேண்டும். முழுப் புள்ளி 100, நேரம் ஐந்து நிமிடம்.

சிக்கல் எறியும் முறையில் இருக்கிறது. முதல் நிலையில் 10 மீட்டருக்குக் கீழிருந்து ஊசல் போல் வீச வேண்டும். இரண்டாவதில் 12 மீட்டருக்கு வலப்பக்கமாக, மூன்றாவதில் 18 மீட்டருக்குத் தலைக்கு மேலாக, நான்காவதில் 14 மீட்டருக்கு இடப்பக்கமாக எறிய வேண்டும். ஐந்தாவதில் 16 மீட்டருக்கு விரும்பியபடி எறியலாம். நான் அண்மையில் பார்த்த ஒரு போட்டியில், நான்காம் நிலையில் ஓர் இளைஞர் எறிந்த ப்ளக் கறுப்பு வட்டத்தின் நடுவிலேயே விழுந்தது. கோல் பக்கவாட்டில் செல்லாமல் மேலேறிவிட்டது என்று சொல்லி நடுவர் அந்த எறிதலைச் செல்லாததாக்கினார். பத்து பூஜ்யமானது. விழுந்த இடத்தை எல்லோரும் பார்த்தோம். கோலின் சாய்வை அவர் ஒருவர்தான் பார்த்தார். பின்னால் சென்று சரிபார்க்க எந்தத் தடயமும் இல்லாத ஒன்றுக்காகப் புள்ளியைப் பறிக்கக் கூடாது என்பதும், விழுந்த இடமும், எறிபவர் நிற்குமிடத்தின் எல்லையான தொடக்கப் பலகையைத் தாண்டாமல் நின்றதும் மட்டுமே கணக்கில் வர வேண்டும் என்பதும் என் கருத்து.

ரைன்கரை:

ஜெர்மனியில் ஒரு சிறிய சங்கத்தில் வார இறுதிகளில் நடுவராக நிற்பவன் என்ற முறையில் கடுமையாக மறுக்கிறேன். அந்த விதியை எடுத்துவிட்டால் மீதியிருப்பது ஐந்து தூரங்களுக்கு ஒரே எறிதல் மட்டும்தான்.

தலைக்கு மேல் எறியும்போது விரலை விடும் நொடி சற்று முந்தினால் ப்ளக் உயரமாகப் போகும், பிந்தினால் தாழ்வாகப் போகும். திசை பெரும்பாலும் கெடாது. உயரமாகப் போனதை எறிபவரே திருத்திக்கொள்ள முடியும்: ரீலின் சுருள் விளிம்பில் ஆள்காட்டி விரலை மெல்ல வைத்து, ஓடும் நரம்பை உரசவிட்டால் ப்ளக் இலக்கின் மேலேயே வேகம் இழந்து இறங்கும். நல்ல எறிபவரைக் கவனித்தால், அவர் கையைவிட அந்த விரல்தான் அதிகம் வேலை செய்வது தெரியும். பக்கவாட்டில் எறியும்போது அதே நொடிப் பிழை இடமாகவோ வலமாகவோ விலகலாக மாறிவிடுகிறது. அதை எந்த விரலாலும் திருத்த முடியாது. 14 மீட்டர் தொலைவில் 75 செ.மீ. வட்டம் என்றால் நடுவிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ ஒன்றரைப் பாகைதான் இடம். கோலை 45 பாகைக்கு உயர்த்தி எறிபவருக்கு அந்தப் பக்கப் பிழையில் கால் பங்குக்கு மேல் குறைந்து, அதற்கு ஈடாக உயரப் பிழை வருகிறது. உயரப் பிழையை விரல் பார்த்துக்கொள்ளும். எனவே நான்காம் நிலையில் கோல் மேலேறுவதை அழகு சார்ந்த குறையாகப் பார்க்கக் கூடாது. அங்கே கேட்கப்பட்ட கேள்விக்குப் பதிலாக வேறொரு எளிய கேள்விக்கு விடை எழுதிவிட்டு மதிப்பெண் கேட்பது அது.

செம்படவன்:

ரைன்கரை அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அது அவருடைய முடிவுக்கு எதிராகவே வேலை செய்கிறது. 45 பாகையில் ஆதாயம் உண்டு என்றால் 30 பாகையிலும் கொஞ்சம் உண்டு, 20 பாகையிலும் உண்டு. எந்தப் பாகையில் எறிதல் செல்லாததாகிறது? அதை அரை நொடிக்குள் கண்ணால் அளந்து சொல்லும் நடுவர் எங்கே இருக்கிறார்? இரண்டாம், நான்காம் நிலைகளில் எறிபவரின் பக்கத்தில் தோள் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவிடுங்கள். அதற்கு மேல் கோல் போனால் கயிறு ஆடும். நடுவரின் கருத்தே தேவைப்படாது.

ரைன்கரை:

கயிறு யோசனை எங்கள் சங்கத்திலும் பேசப்பட்டதுதான். விதிப்படி இந்தப் போட்டிக்கான கோல் 1.37 மீட்டருக்குக் குறையாமலும் 2.50 மீட்டரைத் தாண்டாமலும் இருக்கலாம். குட்டைக் கோல்காரர் கயிற்றுக்குக் கீழேயே கோலைச் சாய்த்து உயர்த்தித் தப்பிவிடுவார். நீளக் கோல்காரர் ஒழுங்காகப் பக்கவாட்டில் வீசினாலும் முடிவில் கோல் வளைந்து நிமிரும்போது நுனி கயிற்றைத் தொட்டுவிடும். ஆளின் உயரத்துக்கு ஏற்பக் கயிற்றை ஏற்றி இறக்கவும் வேண்டும். ஐந்து நிமிடக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, நரம்பு கயிற்றில் சிக்கிக்கொண்டால் அந்த நேரத்தை யார் கணக்கில் வரவு வைப்பது?

மாறன், சான் ஹோசே:

கடலோரன் ஐயா, தடயம் இல்லாததைத் தண்டிக்கக் கூடாது என்ற உங்கள் அடிப்படை எனக்கு ஏற்புடையதாக இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் 1938-இல் கட்டப்பட்ட எறிதல் குளங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அமெரிக்க முறையில் இலக்கு என்பது தண்ணீரில் மிதக்கும் 30 அங்குல வளையம். வளையத்துக்குள் விழுந்தால் இழப்பில்லை. வெளியே விழுந்தால் ஒவ்வோர் அடிக்கும், அடியின் பகுதிக்கும் ஒரு புள்ளி குறையும். தண்ணீர் எந்த அடையாளத்தையும் வைத்துக்கொள்வதில்லை. பூச்சி போலச் செய்த இரையான செயற்கை ஈயை எறியும் போட்டியில் இன்னும் ஒரு படி மேலே போய், முன்னும் பின்னுமாகக் காற்றில் வீசிக்கொண்டிருக்கும்போது ஈ தண்ணீரைத் தொட்டாலே நடுவர் புள்ளி குறைக்கிறார். நூறாண்டுக்கு மேலாக இந்த விளையாட்டு நடுவரின் சொல்லை நம்பித்தான் நடந்து வருகிறது. தடயம் வேண்டும் என்றால் பாதி விதிகளைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும்.

அதே நேரத்தில் ரைன்கரை அவர்களிடமும் ஒரு கேள்வி. தண்ணீரில் ஓர் அடி விலகியவருக்கு ஒரு புள்ளிதான் போகிறது. உங்கள் துணியிலும் வளையத்துக்கு வளையம் இரண்டிரண்டாகத்தான் குறைகிறது. இடம் பற்றிய பிழைக்கு இவ்வளவு படிகள் வைத்தவர்கள், முறை பற்றிய பிழைக்கு மட்டும் முழுப் பூஜ்யம் என்று ஏன் வைத்தார்கள்? இரண்டு புள்ளி குறைத்தால் போதாதா?

கடலோரன்:

மாறன் அவர்கள் சொன்ன ஈ உதாரணமே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. ஈ தண்ணீரைத் தொட்டால் வட்டம் வட்டமாக அலை எழும். நடுவர் காண்பதை எறிபவரும் காண்கிறார், கரையில் நிற்பவரும் காண்கிறார். தொட்டதா இல்லையா என்பதற்கு நடுவே மூன்றாவது நிலை எதுவும் கிடையாது. கோலின் சாய்வோ படிப்படியாகக் கூடுவது. அதோடு, எறிபவர் இலக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதால் தன் கோல் நுனி எங்கே சென்றது என்பதைத் தானே காண்பதில்லை. தான் செய்ததைத் தானே பார்க்காத ஒருவரிடம், அதைப் பார்த்ததாகச் சொல்லும் இன்னொருவர் பத்துப் புள்ளியைக் கேட்கிறார். அந்த இளைஞர் வாதிடாததற்குக் காரணம் அவர் ஒப்புக்கொண்டார் என்பதல்ல. வாதிட அவரிடம் எதுவும் இருக்கவில்லை.

இரண்டு புள்ளி குறைக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. தண்டனை சிறியதானால் நடுவரின் கை தாராளமாகிவிடும். பூஜ்யம் தரத் தயங்குபவர் இரண்டைத் தயங்காமல் குறைப்பார்.

வெண்கோடு:

இதுவரை யாரும் தொடாத ஓர் இடம் இருக்கிறது. கடலோரன் சொன்ன நிகழ்வில் நடுவர் எப்போது அறிவித்தார்? ப்ளக் விழுவதற்கு முன்பா, பின்பா? நான் பார்த்த அளவில் முறைப் பிழைகள் பெரும்பாலும் ப்ளக் விழுந்த பிறகுதான் அறிவிக்கப்படுகின்றன. துணிக்கு வெளியே விழுந்த எறிதலில் முறை சரியா என்று யாரும் ஆராய்வதில்லை, எப்படியும் பூஜ்யம்தானே. கறுப்பில் விழுந்தால்தான் நடுவரின் மனத்தில் ஐயம் எழுகிறது. அதாவது, முறையைப் பற்றிய தீர்ப்பு இடத்தைப் பார்த்த பிறகு உருவாகிறது. நடுவர் நேர்மையானவராக இருந்தாலும் இது நடக்கும்.

14 மீட்டரைக் கடக்க ப்ளக் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ ஒரு நொடி. முறையைப் பார்க்கும் நடுவர் அந்த ஒரு நொடிக்குள் கொடியை உயர்த்த வேண்டும். ப்ளக் தரையைத் தொட்ட பிறகு உயரும் கொடி செல்லாது. இந்த ஒரு வரியை விதியில் சேர்த்தால், நீங்கள் பேசும் அநியாயத்தின் பெரும்பகுதி போய்விடும். இன்னும் நல்லது, அந்த நடுவர் இலக்கைப் பார்க்கவே முடியாத இடத்தில் நிற்பது.

ரைன்கரை:

வெண்கோடு அவர்களின் ஒரு நொடி விதியை நான் மனமார ஏற்கிறேன். எங்கள் உள்போட்டிகளில் நடைமுறைப்படுத்தவும் முயல்வேன். இரண்டாவது யோசனையில்தான் இடிக்கிறது. கோல் சாய்ந்ததா என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாது. பக்கத்திலிருந்து பார்த்தால் கோல் எவ்வளவு சாய்ந்தது என்பது சரியாகத் தெரியாது. எறிபவருக்கு நேர் பின்னால் நிற்க வேண்டும், அல்லது நேர் முன்னால் நிற்க வேண்டும். பின்னால் நின்றால் எறிபவரைத் தாண்டி இலக்கும் கண்ணில் படுகிறது. தடுப்புத் தட்டி வைக்கலாமே என்பீர்கள். 14 மீட்டருக்கு அப்பால் தரையில் கிடக்கும் துணி, நின்றிருப்பவரின் பார்வையில் தொடுவானத்துக்குச் சற்றுக் கீழேதான் தெரியும். இடுப்பு உயரத்தில் வீசப்படும் கோல் அதற்கும் கீழே தெரியும். துணியை மறைக்கும் தட்டி கோலையும் மறைத்துவிடும். முன்னால் நின்றாலோ, விரல் பிசகிய பக்கவாட்டு எறிதல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 7.5 கிராம்தானே என்று நினைப்பவர்கள் அதைக் கன்னத்தில் வாங்கிப் பார்க்கட்டும்.

மாறன் அவர்களுக்கு: பூஜ்யம் ஏன் என்றால், முறை தவறிய எறிதல் அந்த நிலையின் எறிதலே அல்ல. தவறான தடத்தில் ஓடியவருக்கு இரண்டு நொடி கூட்டிப் பரிசு தருவதில்லை.

செம்படவன்:

முன்னால் மனிதர் நிற்க முடியாது என்றால் கைபேசி நிற்கட்டும். எறிபவருக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால், எறிபாதைக்குச் சற்று ஒதுங்கி, தாழ்வான முக்காலியில் எறிபவரை நோக்கி ஒரு கைபேசியை வையுங்கள். இலக்கு அதன் முதுகுப் பக்கம் இருக்கும், படத்தில் விழாது. இன்றைய கைபேசிகளின் மெதுவோட்டப் பதிவில் கோல் தெளிவாகவே தெரிகிறது. ஆட்சேபம் வந்தால் அந்தப் பதிவை, அந்த எறிதலின் புள்ளி தெரியாத வேறொரு நடுவரிடம் காட்டினால் போதும். அரங்கு நிறையக் கருவி வைக்கும் செலவு இதில் இல்லை.

மாறன், சான் ஹோசே:

நல்ல யோசனைதான், ஆனால் ஒதுங்கி வைத்த கைபேசி கோலைச் சாய்கோணத்தில் பார்க்கும். படத்தில் தெரியும் பாகை உண்மைப் பாகை ஆகாது. போட்டி தொடங்கும் முன் அதே இடத்தில் ஒரு கோலை அனுமதிக்கப்பட்ட எல்லைச் சாய்வில் பிடித்துப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதனோடு ஒப்பிட்டால்தான் சரியாக இருக்கும். அந்த எல்லைச் சாய்வு எது என்பதை யாராவது முதலில் எழுத வேண்டும். செம்படவன் தொடக்கத்தில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

கடலோரன்:

அந்த எல்லை எழுதப்பட்டு, ஒரு நொடி விதியும் சேர்ந்து, பதிவும் இருக்குமானால், முறைக்கான தண்டனையை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை. அப்போது அது தடயம் உள்ள பிழையாகிவிடுகிறது. ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறேன். பதிவைப் பார்த்தும் தெளிவில்லை என்றால் எறிதல் செல்ல வேண்டும். ஐயத்தின் பலன் எறிபவருக்கே போக வேண்டும்.

ரைன்கரை:

எல்லையை எழுதலாம், கிடைமட்டத்துக்கு மேல் 30 பாகை என்று என்னால் இப்போதே ஒரு வரைவு தர முடியும். உங்கள் நிபந்தனையைத்தான் ஏற்க முடியாது. ஐயம் எறிபவருக்குச் சாதகம் என்று எழுதிவிட்டால், தேர்ந்தவர்கள் ஒவ்வொருவரும் ஐயம் எழும் சாய்விலேயே பயிற்சி செய்வார்கள். 30 என்று எழுதியது ஓராண்டில் 35 ஆகிவிடும். பதிவு தெளிவாக இல்லையென்றால் களத்தில் உயர்ந்த கொடியே நிற்க வேண்டும், கொடி உயரவில்லை என்றால் எறிதல் நிற்க வேண்டும்.

வெண்கோடு:

அப்படியானால் இருவரும் கொடி உயர்ந்து, பதிவும் தெளிவில்லாத எறிதல்களைப் பற்றி மட்டுமே வேறுபடுகிறீர்கள். ரைன்கரை அவர்கள் தம் சங்கத்தின் பயிற்சி நாள் ஒன்றில் கைபேசியை வைத்து, கொடி உயர்ந்த எறிதல்களை மட்டும் தனியாகப் பிரித்து, அவற்றுள் எத்தனை பதிவில் தெளிவாகத் தெரிகின்றன என்று இங்கே பதியட்டும். கைபேசியை வலக்கைக்காரருக்கு எந்தப் பக்கம் ஒதுக்கி வைத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; இரண்டாம் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் அது மாற வேண்டியிருக்கும்.