'லெட்ஸ் டேபிள் திஸ்': பேசணுமா, தள்ளிப்போடணுமா?

கேள்வி: லண்டன் கிளையண்ட், சிகாகோ மேனேஜர் இருவருமே மெயிலில் இப்படி எழுதுகிறார்கள். அந்த விஷயத்தை அஜெண்டாவில் சேர்ப்பதா, நீக்குவதா?

பதில் 1: இரண்டும் நேரெதிர். பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. லண்டன்காரர் சொன்னால் சேருங்கள், சிகாகோக்காரர் சொன்னால் நீக்கிவிடுங்கள். இரண்டாம் உலகப்போரில் இரு நாட்டு அதிகாரிகளும் இதே சொல்லால் நெடுநேரம் வாதிட்டதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார்.

பதில் 2: சரிதான். இருவரும் இருக்கும் மெயிலில் அந்தச் சொல்லே வேண்டாங்க. 'டிஸ்கஸ்', 'போஸ்ட்போன்' என்று எழுதி, தேதியும் போடுங்க.

கூடவே இன்னொன்று: 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால் தோராயத் தொகை போதும். '4 முதல் 5 லட்சம்' என்று வரம்பாகச் சொல்லுங்க. ஒற்றை எண் கொடுத்தால் அதையே கொட்டேஷனாகப் பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. லண்டன் மெயிலை இன்றே அஜெண்டாவில் சேர்க்கிறேன்.