கலைச்சொல் தேவை: 305இன் நடுவில் நிற்கும் சுழிக்கு

அன்புடையீர்,
தொடக்க வகுப்புக் கணக்கு ஆசிரியர் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இடமதிப்பு, முகமதிப்பு எல்லாம் புழக்கத்தில் இருப்பவை, சிக்கலில்லை. ஆனால் 305இல் பத்துகள் இல்லை என்று காட்டிக்கொண்டு, 3 தன் நூறாம் இடத்தைவிட்டு நழுவாமல் பார்த்துக்கொள்கிறதே அந்தச் சுழி, அதன் வேலைக்கு என்ன பெயர்? இப்போதைக்கு ‘இடநிரப்பி’ என்று போட்டிருக்கிறேன்.
– க.மொ.

---
> இடநிரப்பி

வேண்டாம் அம்மா. நிரப்பினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். ஒன்றும் இல்லை என்பதைத்தானே சொல்ல வருகிறோம்? ‘இடங்காப்பி’ சரியாக வரும். மகரம் இனமெல்லெழுத்தாகத் திரிந்திருக்கிறது, இலக்கணப் பிழை இல்லை.
– இரா.

---
இலக்கணப் பிழை இல்லைதான் ஐயா. ‘காப்பி’ என்றதும் வகுப்பே சிரிக்கும், பரவாயில்லையா?
– ஆசிரியை

---
அதற்கு முன், சுழியா பூச்சியமா என்று முடிவு செய்யுங்கள். பூஜ்யம் என்றால் வணங்கத்தக்கது; இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு மரியாதையா? சைபர் கதை இன்னும் வேடிக்கை. சூனியம் அரபுக்குப் போய் சிஃப்ர் என்று மொழிபெயர்ந்து, ஊர் சுற்றி நம்மிடமே சைபராக வந்து சேர்ந்தது. எந்த வடிவில் வந்தாலும் வாசலிலேயே நிறுத்த வேண்டும். சுழி என்று சொன்னால் போதும்.
– ந.

---
பழைய தமிழ் எண்முறையில் இந்த வேலையே கிடையாது, அப்புறம் சொல் எங்கிருந்து வரும்? 305ஐ ௩௱௫ என்று எழுதினார்கள். மூன்று, நூறு, ஐந்து, அவ்வளவுதான். பத்து இல்லையென்றால் ௰ போடவில்லை, யாரும் தேடவும் இல்லை. ௦ என்னும் தமிழ்ச் சுழி யூனிகோடுக்குள் நுழைந்ததே 2005இல், 4.1ஆம் பதிப்பில்.
– வெ.

---
ஐயா, அதைத்தான் என் பிள்ளைகளும் செய்கிறார்கள்! ‘முந்நூற்று ஐந்து’ என்று சொன்னால் 3005 என்று எழுதுவார்கள். காதில் விழுந்த முந்நூறை முழுதாக 300 என்று எழுதி, ஐந்தைப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ௩௱௫ எழுதியவர் மனமும் இதேதான், இல்லையா? ஆகவே அதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள்.

நான் அட்டை வைத்துக் காட்டுவேன். 300 அட்டையின் மேல் 5 அட்டையை வலது ஓரம் பொருந்த வைத்தால் கடைசிச் சுழி மறையும், நடுச் சுழி மட்டும் வெளியே தெரியும். “அந்த இடத்துக்கு யாரும் வரலியா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். அதிலிருந்து நான் சொல்வது ‘காலியிடச் சுழி’.
– ஆசிரியை

---
காலி அரபுச் சொல். வெற்றிடச் சுழி என்க.
– ந.

---
வெற்றிடம் இயற்பியலில் காற்றில்லாத இடம். ஒரு சொல்லுக்கு எத்தனை சுமை ஏற்றுவது?
– இரா.

---
காதில் விழுவது என்றதும் நினைவுக்கு வருகிறது: தொண்ணூறு. நூறே இல்லாத எண்ணுக்குள் நூறு! ஒன்பதும் பத்தும் சேர்ந்து எப்படித் தொண்ணூறு ஆகிறது என்று நன்னூல் விதியே வகுத்திருக்கிறது. ஆனால் ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்று பழம்பெயர் இருக்கும்போது ஒகரத்தில் தகரம் ஏற்றி இவ்வளவு சுற்றுவானேன்? தொள்ளாயிரத்தையும் பாருங்கள்...
– வெ.

---
வெ. ஐயா, தனி இழையில் எழுதுங்கள், ஆவலோடு படிக்கிறேன். இப்போது நேரமில்லை. ‘இடங்காக்கும் சுழி’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். அட்டைப் பாடத்துக்குள் மட்டும் ‘காலியிடம்’ இருக்கிறது. மூவர் சரி என்றீர்கள், மற்றவர்கள் பேசவில்லை.
– க.மொ.

---
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 0.5இன் முன்னால் நிற்கும் சுழி எந்த இடத்தைக் காக்கிறது? எடுத்துவிட்டு .5 என்று எழுதினாலும் மதிப்பு மாறவில்லையே. அதற்கு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள்?
– ந.