சாய்த்து வரைந்தால் அது செங்குத்துக் கோடு இல்லையா?

கேள்வி (நான்காம் வகுப்பு மாணவியின் தாய்):

வணக்கம். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு இணை கோடுகள், வெட்டும் கோடுகள், செங்குத்துக் கோடுகள் ஆகியவற்றை வீட்டில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வரையறைகளைப் பிழையின்றி ஒப்பிக்கிறாள். ஆனால், தாளில் வரைந்த கூட்டல் குறியைக் காட்டினால் "செங்குத்து" என்பவள், அதே தாளைச் சற்றுத் திருப்பிப் பெருக்கல் குறி போலத் தெரியும்படி வைத்தால், "இது வெட்டும் கோடு மட்டும்தான்" என்கிறாள். சிறிது நீட்டினாலே சந்தித்துவிடும் இரண்டு சாய்ந்த கோடுகளை, அவை தொடாமல் நிற்கின்றன என்பதற்காகவே இணை கோடுகள் என்கிறாள். தண்டவாளத்தை உதாரணம் காட்டினேன். "தூரத்தில் ஒன்றாகச் சேர்கிறதே, அம்மா" என்று கேட்டாள். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. எப்படிச் சொன்னால் விளங்கும் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (தொடக்கப் பள்ளி ஆசிரியர்):

வணக்கம், அம்மா. நாம் காட்டும் படங்களிலிருந்து ஒரு குழந்தை எதைக் கற்குமோ, அதையே உங்கள் மகள் கற்றிருக்கிறாள். கரும்பலகையில் நாம் வரையும் செங்குத்துக் கோடுகளில் ஒன்று எப்போதும் படுத்திருக்கும், மற்றொன்று நிமிர்ந்திருக்கும். இணை கோடுகளையும் ஒரே நீளத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாகவே வரைந்து பழகிவிட்டோம். போதாததற்கு, சொல்லும் குழப்புகிறது. "செங்குத்தான பாறை" என்று பேச்சில் சொல்லும்போது நிமிர்ந்து நிற்பதையே குறிக்கிறோம். கணிதத்திலோ ஒரு கோடு மற்றொரு கோட்டுக்குத்தான் செங்குத்தாக இருக்க முடியும். ஆகவே அவள் "செங்குத்து" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், "எதற்குச் செங்குத்து?" என்று கேளுங்கள்.

நான் வகுப்பில் அளவுகோலை எடுப்பதற்கு முன் தாளை மடிக்கவைப்பேன். நேரான விளிம்பே இல்லாதபடி கிழித்த ஒரு செய்தித்தாள் துண்டைக் கொடுத்து, மனம்போன போக்கில் ஒரு மடிப்பு மடிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த மடிப்புக் கோடு தன்மேலேயே சரியாகப் படியும்படி இன்னொரு முறை மடித்து, நகத்தால் நீவிவிடச் சொல்லுங்கள். விரித்துப் பார்த்தால் இரண்டு கோடுகள் வெட்டி நான்கு சம கோணங்கள் உண்டாகியிருக்கும். 180 பாகை சரிபாதியாக மடிந்ததால் ஒவ்வொன்றும் 90 பாகை. முதல் மடிப்பை வேறோர் இடத்தில் மீண்டும் அதன்மேலேயே படியவைத்து மடித்தால், புதிய கோடும் முந்தைய செங்குத்துக் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக அமையும். தாளின் ஓரம் கோணல்மாணலாக இருப்பதால் எது மேல், எது கீழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தை கோணத்தை மட்டும் பார்க்கப் பழகும்.

தண்டவாளத்தைப் பற்றி அவள் கேட்டது மிக நல்ல கேள்வி, அதை ஒதுக்கிவிடாதீர்கள். தொலைவிலுள்ள பொருள் சிறிதாகத் தெரிவதுபோல், தொலைவிலுள்ள இடைவெளியும் சிறிதாகத் தெரிகிறது. நேராகச் செல்லும் அகல ரயில்பாதையில், தண்டவாளங்கள் சேர்வதாகத் தோன்றும் இடத்திற்கே போய் இடைவெளியை அளந்தாலும் 1,676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி இருக்கும். வளைவிலுள்ள தண்டவாளத்தை மட்டும் உதாரணமாகக் காட்ட வேண்டாம். அங்கே அது நேர்கோடே அல்ல.

பதில் 2 (கட்டடப் பணியில் இருப்பவர்):

எங்கள் வேலையில் இந்த இரண்டு கருத்துகளுக்கும் தனித்தனிக் கருவிகள் உண்டு. சுவர் நிமிர்ந்து நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு காட்டும். இரண்டு சுவர்கள் செங்கோணத்தில் சேர்கின்றனவா என்பதை மூலைமட்டம் காட்டும். கடைக்கால் தோண்டுமுன் கயிறு கட்டும்போது, மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடியும் மற்றொன்றில் 4 அடியும் குறித்து, அக்குறிகளுக்கிடையே சரியாக 5 அடி இருக்கிறதா என்று பார்ப்போம். மனை எந்தத் திசையில் சாய்ந்திருந்தாலும் இந்த அளவு பொய்க்காது. உங்கள் மகளிடம் நூலும் அளவுகோலும் கொடுத்து, அடிக்குப் பதிலாக 30, 40, 50 சென்டிமீட்டராகத் தரையில் செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 3 (யாழ்ப்பாணத்து ஆசிரியை):

இலங்கையில் நிமிர்ந்த கோட்டை நிலைக்குத்து என்றும், படுத்த கோட்டைக் கிடை என்றும், ஒன்றுக்கொன்று 90 பாகையில் அமைவதை மட்டுமே செங்குத்து என்றும் படிப்பிக்கிறோம். இணை கோடுகள் எங்களுக்குச் சமாந்தரக் கோடுகள். "நிலைக்குத்து" என்ற சொல்லை நீங்களும் வீட்டில் எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தொடாத கோடுகள் எல்லாம் இணை என்று நினைக்கும் பிள்ளைக்கு, இரண்டு ஈர்க்குகளை மேசையில் வைத்து, அவற்றின் நுனியில் மேலும் ஈர்க்குகளை நேராக ஒட்டவைத்து நீட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். அவளுடைய வரையறையில் "ஒரே தளத்தில்" என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் அதை விடாமல் எழுதியதற்குக் காரணம் உண்டு: தெருவும் அதற்கு மேலே குறுக்காகச் செல்லும் மின்கம்பியும் ஒருபோதும் சந்திப்பதில்லை, ஆனால் அவை இணையும் அல்ல.

கேட்டவர்:

மூவருக்கும் என் நன்றி. நேற்று மாலை தாளை மடித்தோம். மடித்த அந்த மூலையை எடுத்துக்கொண்டு கதவுநிலை, ஜன்னல் கம்பி, கட்டிலின் கால் என்று வீடு முழுவதும் பொருத்திப் பார்த்தாள்; பிறகு தாளை எப்படித் திருப்பி வைத்தாலும் தயங்காமல் சொன்னாள். இப்போது புதிதாக ஒன்று கேட்கிறாள்: புத்தகத்தில் மூன்றையும் தனித்தனியே போட்டிருக்கிறார்களே, அப்படியானால் செங்குத்துக் கோடுகள் வெட்டும் கோடுகள் இல்லையா?

பதில் 1 எழுதியவர்:

அவையும் வெட்டும் கோடுகளே, அம்மா. வெட்டும் கோடுகளுக்குள் 90 பாகையில் வெட்டுபவற்றுக்கு மட்டும் தனிப் பெயர் கொடுத்திருக்கிறோம். இரண்டு ஈர்க்குகளை நடுவில் குண்டூசியால் குத்தி, கத்தரிக்கோல் போல மெல்லத் திறக்கச் சொல்லுங்கள். முழுநேரமும் அவை வெட்டிக்கொண்டே இருக்கும், நான்கு கோணங்களும் சமமாகும் அந்த ஒரு நிலையில் மட்டும் செங்குத்தாகவும் இருக்கும்.